தடுப்புக் காவலில் பட்ட தீங்குக்கு யாரிடம் கணக்குக் கேட்பது?

2006 மார்ச்சில் காஸ்டனேடா என்பவர் அமெரிக்கக் குடியேற்றத் துறையின் காவலுக்கு வந்து சேர்ந்தார். சான் டியேகோவில் ஒரு தடுப்புக் காவல் மையத்தில் அடைத்தார்கள். வரும்போதே ஆணுறுப்பில் இரண்டு சென்டிமீட்டர் அளவுக்கு ஒரு புண். அது வளர்ந்துகொண்டே போனது. ரத்தமும் நீரும் கசிந்தன. பயாப்ஸி எடுத்துப் பார்த்தாக வேண்டும் என்று மையத்தின் மருத்துவ உதவியாளரும், வெளியிலிருந்து பார்த்த மூன்று நிபுணர்களும் திரும்பத் திரும்பச் சொன்னார்கள். அனுமதி கிடைக்கவில்லை. கிடைத்தது ஐபுபுரூஃபென், ஆன்டிபயாடிக், அப்புறம் வழக்கத்துக்கு மேல் சில ஜட்டிகள். ஜட்டி நான் சேர்த்த கைச்சரக்கு இல்லை, உச்ச நீதிமன்றத் தீர்ப்பிலேயே எழுதியிருக்கிறது.

நான்காவது நிபுணரும் சொன்ன பிறகுதான் பயாப்ஸிக்கு ஒப்புதல் வந்தது. ஆனால் சிகிச்சை தருவதற்குப் பதிலாக 2007 பிப்ரவரியில் அவரை வெளியே விட்டுவிட்டார்கள். ஒரு வாரத்தில் புற்றுநோய் என்று உறுதியானது. அதற்கடுத்த வாரம் உறுப்பை அகற்றினார்கள். 2008 பிப்ரவரியில் அவர் இறந்துபோனார்.

இதில் தப்பு நடந்ததா என்று கேட்டால் சின்னக் குழந்தையும் பதில் சொல்லும். சட்டத்தில் அந்தக் கேள்வி இரண்டாவதாகத்தான் வருகிறது. முதல் கேள்வி: தீங்கு செய்தது யாருடைய கை? ஒப்புதல் மறுத்த டாக்டரா, அவரை வேலைக்கு வைத்த மத்திய அரசா, மையத்தை நடத்திய தனியார் கம்பெனியா, அதற்கு முன் அவரை வைத்திருந்த மாநிலச் சிறையா? ஒவ்வொன்றுக்கும் வேறு வேறு வாசல், வேறு வேறு பூட்டு. தப்பான வாசலில் நின்று எவ்வளவு நேரம் தட்டினாலும் திறக்காது. தட்டிக்கொண்டிருக்கும் நேரத்தில் சரியான வாசலையும் சாத்திவிடுவார்கள்.

அமெரிக்காவில் குடியேற்றக் காவல் என்பது தண்டனை இல்லை. விசா முடிந்தவர், எல்லையில் பிடிபட்டவர், தஞ்சம் கேட்டு வந்தவர், பழைய குற்ற வழக்கு காரணமாக கிரீன் கார்டு ஆபத்தில் இருப்பவர் என்று பலரும் விசாரணை முடியும்வரையோ நாடு கடத்தும்வரையோ வைக்கப்படும் இடம். சட்டத்தின் கண்ணில் அது சிவில் காவல்தான். சுவர், பூட்டு, சீருடை, எண்ணிக்கை எடுக்கும் நேரம் என்று பார்த்தால் சிறைக்கும் அதற்கும் வித்தியாசம் தெரியாது. இதைப் பெரும்பாலும் கவனிப்பது 2003-இல் உருவான குடியேற்ற, சுங்க அமலாக்கத் துறை. ஆங்கிலச் சுருக்கப்படி எல்லோரும் ‘ஐஸ்’ என்று சொல்வது இதைத்தான். 2025 இறுதியில் அதன் காவலில் ஒரே நேரத்தில் இருந்தவர்கள் 65,000-ஐத் தாண்டினார்கள்.

உள்ளே இருப்பவரின் குடும்பம் பெரும்பாலும் குழப்பிக்கொள்ளும் விஷயம் ஒன்று உண்டு. வெளியே வருவதற்குப் போடும் வழக்கு வேறு, பட்ட தீங்குக்கு ஈடு கேட்கும் வழக்கு வேறு. முதலாவது ஆட்கொணர்வு மனு, ஜாமீன், தஞ்ச விசாரணை சம்பந்தப்பட்டது. தமிழர்களுக்கு அதில் ஒரு நேரடித் தொடர்பு இருக்கிறது. 2017-இல் மெக்சிகோ எல்லையைத் தாண்டி 25 கஜம் வந்ததும் பிடிபட்ட இலங்கைத் தமிழர் ஒருவரின் வழக்கு, துரைசிங்கம் வழக்கு என்ற பெயரில் அமெரிக்க உச்ச நீதிமன்றம்வரை போனது. அவருடைய தஞ்சக் கோரிக்கையை மேலோட்டமாகத் தள்ளியதை ஆட்கொணர்வு மனு வழியே எதிர்க்க முடியாது என்று 2020 ஜூனில் தீர்ப்பு வந்தது. அதில் பணப் பேச்சே கிடையாது. நாம் இங்கே பேசப்போவது இரண்டாவது வகை. உள்ளே கை உடைந்தது, மருந்து கிடைக்காமல் கண் போனது, காவலர் அடித்தார், குடியுரிமை இருந்தும் அடைத்துவைத்தார்கள். இதற்கெல்லாம் பணமாக ஈடு கேட்பது. இந்த வழக்கு போட்டால் நாடு கடத்தல் நிற்காது, விசாவும் கிடைக்காது. அதேபோல, நாடு கடத்திவிட்டாலும் இந்த உரிமை செத்துப்போகாது. கொழும்பிலிருந்தோ திருச்சியிலிருந்தோ கூட கிளெய்ம் போடலாம். அங்கே இருந்துகொண்டு ஆவணம் திரட்டுவதும் சாட்சி சொல்வதும் லேசுப்பட்ட காரியமில்லை, அவ்வளவுதான்.

அரசின் மீது வழக்குப் போட முடியுமா? அரசு சம்மதித்தால்தான் முடியும். இங்கிலாந்திலிருந்து வந்த பழைய கொள்கை இது: அரசர் தன்னுடைய நீதிமன்றத்தில் தானே குற்றவாளியாக நிற்க மாட்டார். அமெரிக்கா அரசரைத் துரத்தியது, கொள்கையை வைத்துக்கொண்டது. அரசுத் தபால் வண்டி மோதிக் கால் போனால்கூட, ஊர் எம்.பி.யைப் பிடித்து, தனக்கென்று ஒரு தனிச் சட்டத்தை நாடாளுமன்றத்தில் நிறைவேற்றவைத்துத்தான் பணம் வாங்க வேண்டியிருந்தது. 1945 ஜூலை 28, ஒரு சனிக்கிழமை காலை, மூடுபனியில் ஒரு ராணுவ பி-25 விமானம் நியூயார்க் எம்பயர் ஸ்டேட் கட்டடத்தின் 79-ஆம் மாடிப் பக்கம் மோதி 14 பேர் இறந்தார்கள். பல ஆண்டுகளாக இழுத்துக்கொண்டிருந்த மசோதா அடுத்த ஆண்டே சட்டமானது. 1945 ஜனவரி 1 முதல் நடந்தவற்றுக்கும் செல்லும் என்று பின்தேதியிட்டார்கள். அதனால் விமான விபத்தில் பாதிக்கப்பட்டவர்களும் உள்ளே வந்தார்கள்.

அதுதான் 1946-இன் ஃபெடரல் டார்ட் கிளெய்ம்ஸ் ஆக்ட். டார்ட் என்றால் தீங்கு: ஒப்பந்தமோ குற்றவியலோ சம்பந்தப்படாமல், ஒருவர் தன் அலட்சியத்தாலோ வேண்டுமென்றோ இன்னொருவருக்குச் செய்யும் கெடுதல். இந்தச் சட்டம் சொல்வது சுருக்கமாக இதுதான்: மத்திய அரசு ஊழியர் தன் வேலையின்போது தீங்கு செய்தால், அந்த இடத்தில் ஒரு தனி மனிதர் இருந்தால் எவ்வளவு பொறுப்போ, அவ்வளவு பொறுப்பை அரசு ஏற்கும். எந்த ஊரில் நடந்ததோ அந்த மாநிலத்தின் சட்டப்படி அளப்பார்கள். மத்திய அரசு மீதான வழக்கில் மாநிலச் சட்டம் எதற்கு என்று முதலில் எனக்கும் விசித்திரமாகத்தான் பட்டது. ஆனால் நடைமுறையில் இது பெரிய வித்தியாசத்தை உண்டாக்குகிறது. டெக்சாஸில் டாக்டரின் அலட்சியத்துக்கு வலி, வேதனை என்ற கணக்கில் பொதுவாக 2,50,000 டாலருக்கு மேல் கேட்க முடியாது. ஒரே மாதிரி அலட்சியம், ஒரே துறை. மையம் எந்த மாநிலத்தில் இருக்கிறது என்பதைப் பொறுத்து ஈடு மாறும். உங்களை எந்த மாநிலத்துக்குக் கொண்டுபோவது என்பதை முடிவுசெய்வதும் அதே துறைதான்.

இனி படிவம். வழக்குக்கு முன்னால் சம்பந்தப்பட்ட துறையிடம் எழுத்தில் கேட்டாக வேண்டும். அதற்கென்று ஸ்டாண்டர்டு ஃபார்ம் 95 என்று ஒன்று இருக்கிறது. இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும், வக்கீல் வைத்துத்தான் போட வேண்டும் என்றில்லை. அதை ஒருமுறை கையில் எடுத்துப் பார்த்தால் அது யாருக்காக அச்சடித்தது என்று புரிந்துவிடும். விபத்து நடந்த தேதி, கிழமை, மணி என்று கேட்கிறது. சேதமான சொத்து எங்கே இருக்கிறது, பார்வையிட முடியுமா என்கிறது. பின்பக்கத்தில் உங்களிடம் விபத்துக் காப்பீடு உண்டா, காப்பீட்டுக் கம்பெனியிடம் கேட்டுவிட்டீர்களா என்று கேள்விகள். தபால் வண்டி உங்கள் காரை இடித்துவிட்டால் பொருத்தமான படிவம். ஏழு மாதம் மருந்து மறுக்கப்பட்டவர் ‘மணி’ என்ற கட்டத்தில் என்ன எழுதுவார்?

ஆனாலும் இதையே நிரப்ப வேண்டும். எட்டாவது கட்டம் நடந்ததைச் சொல்ல. இடம் போதாது, தனித்தாளில் எழுதி இணைக்கலாம். எந்தத் தேதியில் யாரிடம் என்ன கேட்டோம், அவர்கள் என்ன சொன்னார்கள், அதனால் உடம்புக்கு என்ன ஆனது என்று வரிசையாக எழுதுவது நல்லது. துறை விசாரித்துப் பார்க்கும் அளவுக்கு விவரம் இருக்க வேண்டும். இங்கே சொல்லாத சங்கதியைப் பின்னால் நீதிமன்றத்தில் புதிதாகக் கிளப்பினால் அரசுத் தரப்பு வக்கீல் எழுந்து நிற்பார்.

ஆபத்து ஒளிந்திருப்பது பன்னிரண்டாவது கட்டத்தில். எவ்வளவு பணம் கேட்கிறீர்கள் என்று துல்லியமாக ஒரு தொகை எழுத வேண்டும். எழுதாவிட்டால் உரிமையே பறிபோகலாம் என்று அந்தக் கட்டத்துக்குள்ளேயே அச்சடித்திருக்கிறார்கள். ‘நியாயமான தொகை’, ‘நீதிமன்றம் முடிவுசெய்யட்டும்’, ‘குறைந்தது இவ்வளவு’ என்று எழுதுவது நம்மூர்ப் பணிவு. இங்கே அது தற்கொலை. அதோடு, பின்னால் வழக்கில் அந்தத் தொகைக்கு மேல் பொதுவாகக் கேட்க முடியாது. அப்போது தெரிந்திருக்க வழியில்லாத புதிய ஆதாரம் வந்தால் மட்டும் விதிவிலக்கு. மருத்துவச் செலவை மட்டும் கூட்டிப்போட்டு எட்டாயிரம் டாலர் என்று எழுதியவருக்கு, பிறகு வாழ்நாள் டயாலிசிஸ் தேவைப்பட்டாலும் எட்டாயிரத்தைச் சுற்றித்தான் சண்டை போட வேண்டியிருக்கும். அதனால் வக்கீல்கள் இந்தக் கட்டத்தில் தாராளமாக எழுதுகிறார்கள். வெளியிலிருந்து பார்ப்பவர்கள் பேராசை என்று நினைப்பது பாதி நேரம் இந்தக் கட்டம் செய்யும் வேலை.

அடுத்து கெடு. என் கணிப்பில் இந்த விஷயத்தில் நீதிபதியைவிடக் காலண்டர்தான் அதிகம் பேரைத் தோற்கடிக்கிறது.

தீங்கு நடந்த நாளிலிருந்து, அல்லது தீங்கும் அதன் காரணமும் தெரிந்திருக்க வேண்டிய நாளிலிருந்து, இரண்டு ஆண்டுக்குள் படிவம் துறையின் கைக்குப் போயிருக்க வேண்டும். துறைக்குப் பதில் சொல்ல ஆறு மாதம். பதிலே வராவிட்டால் மறுத்ததாக எடுத்துக்கொண்டு நீதிமன்றம் போகலாம். மறுப்புக் கடிதம் வந்துவிட்டால் அதிலிருந்து ஆறு மாதத்துக்குள் வழக்குப் போட வேண்டும். கேட்க எளிதாக இருக்கிறது. ஒரு நுணுக்கம் பாருங்கள். நீங்கள் அனுப்பும் கிளெய்மைப் பொறுத்தவரை, அது துறைக்குப் போய்ச் சேர்ந்த நாள்தான் கணக்கு. தபாலில் போட்ட நாள் செல்லாது. துறை உங்களுக்கு அனுப்பும் மறுப்பைப் பொறுத்தவரை, அவர்கள் பதிவுத் தபாலில் போட்ட நாள்தான் கணக்கு. உங்கள் கைக்கு எப்போது வந்தது என்பது செல்லாது. தபால் தாமதம் இரண்டு திசையிலும் உங்கள் தலையில்தான் விடிகிறது.

இந்தக் கெடு எவ்வளவு கொடுமையானது என்பதற்கு வாட்சன் வழக்கைவிட வேறு சாட்சி வேண்டாம். 2008-இல் நியூயார்க்கில் தண்டனை முடிந்து வெளியே வந்த இளைஞர் ஒருவரை ஐஸ் பிடித்துக்கொண்டது. அவர் அமெரிக்கக் குடிமகன். சிறுவனாக இருக்கும்போது அப்பா குடியுரிமை பெற்றதால் மகனுக்கும் அது கிடைத்திருந்தது. அதைச் சொன்னார், அப்பாவின் தொலைபேசி எண்ணையும் கொடுத்தார். அதிகாரிகள் அந்த எண்ணுக்கு ஒரு போன் போடவில்லை. கோப்பில் தேடினார்கள். அப்பாவின் பெயரே கொண்ட, ஆனால் நடுப்பெயர் வேறான, வேறு மாநிலத்தில் வசிக்கும் இன்னொரு மனிதரின் கோப்பு கிடைத்தது. அந்த மனிதர் குடிமகன் இல்லை. ஆகவே மகனும் இல்லை என்று முடித்துவிட்டார்கள். மூன்றரை ஆண்டு, 1,273 நாள் உள்ளே இருந்தார். 2011-இல் விட்டபோது நியூயார்க்கிலிருந்து வெகுதூரத்தில், அலபாமாவில், கையில் காசில்லாமல் நின்றார்.

வழக்குப் போட்டார். நியூயார்க் மாவட்ட நீதிபதி முதல் 27 நாள் சட்டவிரோதக் காவலுக்கு மட்டும் 82,500 டாலர் கொடுத்தார். அதையும் மேல்முறையீட்டு நீதிமன்றம் 2017-இல் எடுத்துவிட்டது. காரணம், கெடு முடிந்துவிட்டதாம். அவரைக் குடியேற்ற நீதிமன்ற நடைமுறைக்குள் கொண்டுவந்த நாளிலேயே கடிகாரம் ஓடத் தொடங்கிவிட்டது என்றார்கள். அதாவது இரண்டு ஆண்டுக் கெடு முடிந்தபோது அவர் இன்னமும் உள்ளேதான் இருந்தார். வக்கீல் கிடையாது, ஏனென்றால் குடியேற்ற வழக்கில் அரசு வக்கீல் வைத்துத் தராது. தன்னைத் தப்பாக அடைத்திருக்கிறார்கள் என்று நிரூபிக்கப் போராடிக்கொண்டிருந்த அதே நேரத்தில், தப்பாக அடைத்ததற்குப் பணம் கேட்டு ஃபார்ம் 95-உம் போட்டிருக்க வேண்டும் என்று சட்டம் அவரிடம் எதிர்பார்த்தது. அமர்வில் இருந்த தலைமை நீதிபதியே இதை ஏற்காமல் மாறுபட்டு எழுதினார். பயனில்லை.

விதி எல்லோருக்கும் இப்படியே முடிவதில்லை. 1999-இல் ஆரிகனில் ஐந்து நாள் குடியேற்றக் காவலில் வைக்கப்பட்ட ஒரு சமய அமைப்பின் தலைவி, வாங் என்பவர், கிளெய்மைச் சரியான நேரத்தில் போட்டார். 2001 டிசம்பர் 3-இல் மறுப்பு வந்தது. ஏற்கெனவே நடந்துகொண்டிருந்த வழக்கில் இந்தக் கோரிக்கையையும் சேர்க்க அனுமதி கேட்டிருந்தார். நீதிமன்றம் அனுமதி தருவதற்குள் ஆறு மாதக் கெடு மூன்று வாரம் கடந்துவிட்டது. தாமதம் நீதிமன்றத்தினுடையது. 2015-இல் உச்ச நீதிமன்றம் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில், நியாயமான காரணம் இருந்தால் இந்தக் கெடுவைத் தளர்த்தலாம் என்று சொன்னது. ஐந்து நாள் காவலுக்கு 16 ஆண்டு, அதுவும் கெடுவைப் பற்றி மட்டும். உள்ளே இருந்ததாலும் சட்டம் தெரியாததாலும் தாமதமாகிவிட்டது என்றால் நீதிமன்றங்கள் எளிதில் இரங்குவதில்லை என்பதை வாட்சன் வழக்கே காட்டுகிறது. அது வாங் தீர்ப்புக்கு இரண்டு ஆண்டு பிந்தியது.

கெடுவைத் தாண்டி உள்ளே போனால் அரசின் கையில் இருக்கும் பெரிய கேடயம் ‘விருப்புரிமை’ விதிவிலக்கு. கொள்கை சார்ந்து யோசித்து எடுக்கும் முடிவுகளுக்கு அரசைப் பொறுப்பாக்க முடியாது. எந்த மையத்தில் அடைப்பது, எத்தனை காவலர்களை வைப்பது, எந்தக் கம்பெனிக்கு ஒப்பந்தம் தருவது எல்லாம் இந்தக் கூடைக்குள் போய்விடும். இதை உடைக்கும் வழி, யோசிக்க இடமே தராத கட்டாய விதி ஒன்றைக் காட்டுவது. ஐஸ் தன் மையங்களுக்கென்று எழுதிவைத்திருக்கும் 2011 தரவிதிகளில், வந்து சேர்ந்த 12 மணி நேரத்துக்குள் முதல் மருத்துவச் சோதனை, 14 நாளுக்குள் முழுப் பரிசோதனை என்று இருக்கிறது. இங்கே அதிகாரிக்கு விருப்பம் என்று ஒன்று கிடையாது. பதினாலு நாள் என்றால் பதினாலு நாள். ‘என்னைச் சரியாகக் கவனிக்கவில்லை’ என்று சொல்வதைவிட ‘இருபத்தாறாவது நாள்தான் டாக்டர் பார்த்தார்’ என்று சொல்வது பத்து மடங்கு பலம். தேதிகளை எழுதிவைக்கச் சொல்லி வக்கீல்கள் நச்சரிப்பது இதனால்தான்.

அலட்சியம் இல்லாமல் வேண்டுமென்றே அடித்தால்? 1946 சட்டம் முதலில் அதை அரசின் பொறுப்பிலிருந்து விலக்கியிருந்தது. 1973-இல் இல்லினாய் மாநிலம் காலின்ஸ்வில்லில் போதைப்பொருள் தடுப்பு அதிகாரிகள் சம்பந்தமே இல்லாத இரண்டு குடும்பங்களின் வீட்டுக் கதவை உடைத்து நுழைந்தார்கள். அந்தக் கொந்தளிப்பில் 1974-இல் திருத்தம் வந்தது: சட்ட அமலாக்க அதிகாரி அடித்தாலோ, பொய்யாகக் கைதுசெய்தாலோ, சட்டவிரோதமாக அடைத்தாலோ அரசே பொறுப்பு. கைதுசெய்யும் அதிகாரம் உள்ள ஐஸ் அதிகாரிகளும் எல்லைக் காவலர்களும் இதில் அடக்கம். சோதனையின்போதோ கைதின்போதோ அடித்தால்தான் செல்லும் என்று சில நீதிமன்றங்கள் குறுக்கிவைத்திருந்ததை, மில்புரூக் என்ற மத்தியச் சிறைக் கைதி கையால் எழுதி அனுப்பிய மனு ஒன்றின் பேரில் 2013-இல் உச்ச நீதிமன்றம் ஒருமனதாக நீக்கியது. வக்கீல் இல்லாமல் கையெழுத்தில் போன மனு அங்கே கதவைத் திறப்பது அபூர்வம்.

வழக்கு நடந்தால் ஜூரி, அதாவது பொதுமக்களிலிருந்து எடுக்கும் தீர்ப்புக் குழு, கிடையாது; நீதிபதி மட்டும்தான். தண்டனையாகக் கூடுதல் பணம் விதிக்க முடியாது. வக்கீல் கட்டணம் துறையோடு முடிந்தால் 20 சதவீதம், வழக்குப் போட்டபின் 25 சதவீதம். அதற்கு மேல் வாங்கினால் வக்கீல் மீது குற்றம். தோற்றாலும் சமரசம் செய்தாலும் பணம் பெரும்பாலும் கருவூலத்தின் ஒரு பொது நிதியிலிருந்து போகிறதே தவிர, தப்புச் செய்த துறையின் பட்ஜெட்டில் கை வைப்பதில்லை. இந்த ஏற்பாடு இருக்கும்வரை எந்த மையத்திலும் யாரும் பயந்து திருந்தப்போவதில்லை என்பது என் எண்ணம்.

அப்படியானால் அந்த அதிகாரி மீதே வழக்குப் போட்டால் என்ன? நியாயமான ஆசை. 1971-இல் பிவன்ஸ் என்ற வழக்கில் அதற்கு ஒரு வழி திறந்தது: அரசியல் சட்ட உரிமையை மீறிய மத்திய அதிகாரியிடம் நேராக ஈடு கேட்கலாம். பிறகு அதே உச்ச நீதிமன்றம் அந்த வழியைச் செங்கல் செங்கலாக அடைத்தது. செப்டம்பர் 11-க்குப் பிறகு புரூக்ளினில் அடைத்துவைக்கப்பட்டவர்களின் வழக்கில் 2017-இல், எல்லைக் காவலர் சுட்ட வழக்கில் 2020-இல், மறுபடியும் எல்லைக் காவலர் ஒருவர் சம்பந்தப்பட்ட வழக்கில் 2022-இல். இன்று புதிதாக ஒருவர் இந்த வழியில் ஜெயிப்பார் என்று நான் பந்தயம் கட்ட மாட்டேன்.

காஸ்டனேடாவின் குடும்பம் இதையும் முயன்றது. ஒப்புதல் மறுத்தவர்கள் பொதுச் சுகாதாரச் சேவை என்ற அரசு மருத்துவப் படையின் அதிகாரிகள். 2010 மே மாதம் உச்ச நீதிமன்றம் ஒருமனதாகச் சொன்னது: அந்தப் படையினர் மருத்துவப் பணியில் செய்தவற்றுக்கு அவர்கள் மீது தனிப்பட்ட வழக்கே கிடையாது, 1946 சட்டப்படி அரசிடம் மட்டும்தான் கேட்க முடியும். அரசு ஏற்கெனவே தன் அலட்சியத்தை ஒப்புக்கொண்டிருந்தது. கடைசியில் 19.5 லட்சம் டாலர் கொடுத்துச் சமரசம் செய்துகொண்டது.

அதே குடும்பம் இன்னொரு வாசலையும் தட்டியது. ஐஸ் கைக்கு வருமுன் அவர் கலிஃபோர்னியா மாநிலச் சிறையில் இருந்தார். அங்கேயும் புண்ணைக் கவனிக்கவில்லை என்று மாநிலத்தின் மீது வழக்கு. ஜூரி குடும்பத்தின் பக்கம் தீர்ப்புச் சொன்னது. 2013-இல் மேல்முறையீட்டில் அது ரத்தானது. காரணங்களில் ஒன்று: தந்தை உயிரோடு இருந்தபோது தன் காயத்துக்காகக் கிளெய்ம் கொடுத்திருந்தார், ஆனால் அவர் இறந்த பிறகு, இறப்புக்கான கிளெய்மை மகள் தன் பெயரில் தனியாகக் கொடுக்கவில்லை.

மிச்சமிருப்பது தனியார் கம்பெனி. இன்றைக்குக் குடியேற்றக் காவலில் இருப்பவர்களில் பெரும்பாலோர் ஜியோ குரூப், கோர்சிவிக் போன்ற கம்பெனிகள் நடத்தும் மையங்களில்தான் இருக்கிறார்கள். இங்கே 1946 சட்டம் கைவிரித்துவிடும். ஒப்பந்தக்காரரின் ஆட்கள் அரசு ஊழியர்கள் அல்ல என்று சட்டத்திலேயே எழுதியிருக்கிறது. கம்பெனிக் காவலர் அடித்தால், கம்பெனி நர்ஸ் மருந்து தராவிட்டால், சாதாரண ஆஸ்பத்திரி மீதோ கடை மீதோ போடுவது போல மாநிலச் சட்டப்படி கம்பெனி மீது வழக்குப் போட வேண்டும். ஃபார்ம் 95 தேவையில்லை, ஜூரி உண்டு. கெடு மட்டும் அந்தந்த மாநிலத்தினுடையது. மையங்கள் நிறைய உள்ள லூசியானாவில் சாதாரணக் காயத்துக்கு 2024 ஜூலைக்கு முன்பு வரை ஓராண்டுதான் இருந்தது, பிறகுதான் இரண்டாக்கினார்கள். கலிஃபோர்னியா 2021 முதல், தரவிதிகளை மீறும் தனியார் மையத்தின் மீது நேரடியாக வழக்குப் போடத் தனிச் சட்டமே வைத்திருக்கிறது. வாஷிங்டன் மாநிலம் டகோமாவில், நாளுக்கு ஒரு டாலர் கொடுத்துச் சமையலும் துப்புரவும் செய்யவைத்ததற்காக, மாநிலக் குறைந்தபட்சக் கூலிக் கணக்கில் 1.73 கோடி டாலர் தரும்படி 2021-இல் ஜூரி ஜியோ குரூப்புக்குச் சொன்னது. ஒரு டாலர் கூலியும் ஒருவகைத் தீங்குதான் என்று யாருக்கோ தோன்றியிருக்கிறது.

மாவட்டச் சிறையில் அறை வாடகைக்கு எடுத்து அடைத்திருந்தால் இன்னொரு கிளை பிரியும். உள்ளாட்சி அமைப்பு மீது வழக்கென்றால் முன்னறிவிப்புக் கெடு மிகக் குறுகியது. நியூயார்க், நியூஜெர்சியில் 90 நாள், கலிஃபோர்னியாவில் ஆறு மாதம்.

உண்மையில் ஒரே மையத்தில் எல்லோரும் கலந்திருப்பார்கள். கட்டடம் கம்பெனியுடையது, வாசலில் கம்பெனிக் காவலர், மருத்துவப் பிரிவில் அரசின் டாக்டர், வெளி ஆஸ்பத்திரிக்கு அனுப்பலாமா என்று முடிவுசெய்பவர் தலைநகர் வாஷிங்டனில் உட்கார்ந்திருக்கும் அதிகாரி. உள்ளே இருப்பவருக்கு எல்லாம் ஒரே சட்டைதான். அதனால்தான் சட்டைப் பையில் இருக்கும் பெயர்ப்பட்டையையும் கையில் இருக்கும் சின்னத்தையும் கவனித்து எழுதிவைக்கச் சொல்கிறார்கள். யார் கை என்று தெளிவாகத் தெரியாதபோது வக்கீல்கள் அரசிடம் ஃபார்ம் 95-ஐயும் கொடுத்து, கம்பெனி மீதான மாநிலக் கெடுவையும் தனியாகக் குறித்துக்கொள்வார்கள். ஒன்றுக்குக் காத்திருந்து இன்னொன்றை இழக்கக் கூடாது.

கையில் இருக்க வேண்டிய காகிதங்கள் அதிகமில்லை. டாக்டரைப் பார்க்கக் கேட்டுக் கொடுத்த சீட்டுகளின் நகல், கொடுத்த தேதியோடு. மையத்துக்குள் எழுதிக் கொடுத்த புகார்களும் வந்த பதில்களும். மருத்துவக் கோப்பு, இதை விடுதலைக்கு முன்பே எழுதிக் கேட்டுவிடுவது நல்லது, நாடு கடத்தப்பட்ட பின் வாங்குவது பெரும்பாடு. பக்கத்துப் படுக்கைக்காரரின் பெயரும் அவர் ஊரில் இருக்கும் ஒருவரின் தொலைபேசி எண்ணும், ஏனென்றால் அடுத்த வாரம் அவர் எந்த நாட்டில் இருப்பார் என்று யாருக்கும் தெரியாது. தொலைபேசி அட்டை வாங்கப் பணம் இருந்தால், நடந்ததை அன்றன்றைக்கே வெளியே ஒருவருக்குச் சொல்லி அவரை எழுதிவைக்கச் சொல்வது. உள்ளே எழுதும் நோட்டு இடம் மாற்றும்போது தொலைந்துபோகலாம்.

படிவத்தைச் சாதாரணத் தபாலில் போடாமல், பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து வாங்கித் திருப்பி அனுப்பும் முறையில் அனுப்ப வேண்டும். சில நாள் கழித்து ஒரு பச்சை அட்டை உங்கள் முகவரிக்குத் திரும்பி வரும், கீழே துறை ஊழியர் ஒருவரின் கிறுக்கலான கையெழுத்தும் ஒரு தேதியும் இருக்கும். இரண்டு ஆண்டுக்குள் போய்ச் சேர்ந்தது என்பதற்கு அந்தத் தேதிதான் சாட்சி. படிவத்தின் நகலோடு அதைச் சேர்த்துப் பின் குத்தி வைத்துக்கொள்ளுங்கள்.